கொசுவலைக்கு நான்கு ஆணி

எங்கள் பூர்வீக வீடு தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. பழைய ஓட்டு வீடு. வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும். சாவி பக்கத்து வீட்டுப் பெரியம்மையிடம். போன வைகாசியில் பத்து நாள் லீவு போட்டுக் குடும்பத்தோடு போயிருந்தேன். முதல் ராத்திரியே கொசு பிய்த்து எடுத்துவிட்டது. காலையில் முதல் வேலையாகப் பஜாருக்குப் போய் ஒரு கொசுவலையும் நான்கு ஆணியும் வாங்கி வந்தேன்.

முதல் ஆணியைச் சுவர் விழுங்கிவிட்டது. இரண்டரை அங்குல ஆணி, மூன்றாவது அடியில் தலையோடு உள்ளே போய்விட்டது. எங்கே போயிற்று என்று விரலை விட்டுப் பார்த்தேன். தோசைக்கல் அகலத்துக்குக் காரை பெயர்ந்து என் கால்மேல் விழுந்தது. அந்தப் பள்ளத்திலிருந்து மணல் கொட்ட ஆரம்பித்தது. அவசரமே இல்லாமல், சீனி மூட்டையில் ஓட்டை விழுந்த மாதிரி கொட்டிக்கொண்டே இருந்தது.

“என்னங்க சத்தம்?” என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்து.

“ஒண்ணுமில்ல. சின்னதா ஒரு பூச்சு வேலை.”

அவள் உடனே பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து தேதி போட்டுக்கொண்டாள். பதினாறு வருஷ அனுபவம்.

அந்த அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைப் படுக்கையறை என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம். வீட்டைக் கட்டிய தாத்தாவுக்குப் படுக்கையறை என்ற யோசனையே இருந்திருக்காது. ஆண்கள் முன்கட்டான தார்சாவில் படுத்தார்கள், பெண்களும் பிள்ளைகளும் நடுக்கூடமான பட்டாசலில் படுத்தார்கள். அதற்கு உள்ளே இருக்கும் இருட்டு அறைக்கு அரங்கு என்று பெயர். நெல், புளி, கருப்பட்டி, பித்தளைப் பானை எல்லாம் அங்கே இருக்கும். பிள்ளை பெறுவதற்கும் அங்கேதான் போவார்கள். நானும் அங்கே பிறந்தவன்தான். ஒன்றரை அடி கனத்தில் சுவர், மேலே பலகை மச்சு, கைக்குட்டையை விரித்தால் மறைந்துவிடுகிற ஒரு ஜன்னல், குனியாமல் நுழைந்தால் நெற்றியில் முத்திரை குத்தி அனுப்புகிற ஒரு நிலை.

உள்ளே ஒரு தேக்குக் கட்டில் கிடக்கிறது. அது அந்த வாசல் வழியாக வந்திருக்கவே முடியாது. நான் டேப் வைத்து மூன்று விதமாக அளந்து பார்த்தேன். பெரியம்மை சொல்லித்தான் தெரிந்தது: ஆசாரி அரங்குக்குள்ளேயே உட்கார்ந்து செய்த கட்டிலாம் அது. வெளியே எடுக்க வேண்டுமென்றால் கட்டிலை அறுக்க வேண்டும், அல்லது வீட்டை. ஆகவே இனி சொல்லப்போகும் எல்லா வேலையையும் அந்தக் கட்டிலைச் சுற்றிக்கொண்டேதான் செய்தேன். பாதி வேலையை அதன்மேல் விழுந்தபடி செய்தேன்.

ஊரில் எல்லோரும் மதிக்கிற ஒரு கொத்தனார் அண்ணாச்சி இருக்கிறார். அவரைக் கூப்பிட்டேன். வந்தார். சுவரை விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டினார். டீ குடித்தார். “சாரலுக்கு முன்ன முடிக்கணும்னு ஊர்பூரா வேலை கெடக்கு தம்பி. ஆடி கழியட்டும்” என்றார். போகும்போது, “அதுவரைக்கும் தட்டாதிய” என்று ஒரு வார்த்தை சொன்னார். அத்தோடு நான் விட்டிருக்கலாம்.

ஆனால் நான் வீடியோ பார்க்கிறவன். இங்கிலாந்தில் ஒரு கணவனும் மனைவியும் இருநூறு வருஷத்துப் பழைய கல்வீட்டை வாங்கித் தாங்களே படுக்கையறையைச் சீர்செய்வார்கள். பன்னிரண்டு நிமிஷத்தில் அறை பளபளக்கும். கடைசியில் இருவரும் டீ கோப்பையோடு சிரிப்பார்கள். அவர்களுக்கு முடிவது எனக்கு முடியாதா? ஆறாயிரம் ரூபாய், நான்கு நாள் என்று கணக்குப் போட்டேன். மனைவி அதையும் நோட்டில் எழுதி, கீழே என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டை ஒன்று வந்து இறங்கியது. முதலில் பழைய காரையை முழுக்கக் கொத்தி எடுத்துவிடுவோம் என்று உளியும் சுத்தியுமாக இறங்கினேன். வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர். ஏடு ஏடாக வந்தது. வெள்ளை, அதன் கீழே நீலம் தூக்கலான வெள்ளை, அதன் கீழே அத்தை கல்யாணத்துக்கு அடித்த பச்சை, மறுபடியும் வெள்ளை. தரையிலிருந்து மூன்றடி உயரம் வரைக்கும் மட்டும் உளி இறங்கவே இல்லை. யாரோ சிமென்ட் பூசியிருந்தார்கள். அதை உடைத்தால், பின்னால் செங்கல் நனைந்த பிஸ்கட் மாதிரி இருந்தது. அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுக் கத்தினேன்: “எந்த மடையன் இதுல சிமென்ட் பூசினான்?”

வாசலில் நின்ற பெரியம்மை வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: “ஒங்கப்பாதாம்ல.”

பிறகு விளக்கமும் சொன்னாள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயிலடித்தால் விட்டுவிடும். மேலே சிமென்டைப் பூசி அடைத்தால் குடித்த ஈரம் எங்கே போகும்? சுவருக்குள்ளேயே மேலே ஏறும், உப்பாகப் பூக்கும், காரையைப் பொரிய வைக்கும். அன்று ராத்திரி என் இங்கிலாந்துத் தம்பதியின் அடுத்த வீடியோவைப் பார்த்தேன். அவர்களும் முந்தைய வீட்டுக்காரர் பூசிய சிமென்டைத்தான் உடைத்துக்கொண்டிருந்தார்கள், அதே காரணத்துக்காக. போர்ட்லண்ட் சிமென்டுக்கு 1824-இல் காப்புரிமை வாங்கிய ஜோசப் ஆஸ்ப்டின் அவர்கள் ஊர்க்காரர்தான், லீட்ஸ் நகரத்துக் கொத்தனார். அவர் கைவரிசை அவர்கள் வீட்டுக்கும் போயிருக்கிறது, எங்கள் அரங்குக்கும் வந்திருக்கிறது. பெரியம்மை இதை எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை.

நான் வாங்கிய மூட்டை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தார்சாவிலேயே கிடந்து, பிற்பாடு சாரலில் நனைந்து, மூட்டை வடிவத்திலேயே கல்லாகி, இப்போது பெரியம்மை வீட்டுத் தொழுவத்துக்குப் படிக்கல்லாக இருக்கிறது. என் வேலைகளில் இன்று வரைக்கும் அசையாமல் நிற்பது அது ஒன்றுதான்.

சரி, சுண்ணாம்பு. கல் சுண்ணாம்பு வாங்கிவந்து மனைவியின் புதுப் பிளாஸ்டிக் வாளியில் போட்டுத் தண்ணீரை ஊற்றினேன். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் வெப்பம் வெளிப்படும். பரீட்சையில் இரண்டு மார்க் வாங்கிய வாக்கியம். எவ்வளவு வெப்பம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் வாளி பொங்கல் பானையாகக் கொதித்தது. அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்புறம் உட்கார்ந்தது. முற்றத்தில் வெள்ளைக் குழம்பு ஓட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் எல்லோரும் திண்ணையில் ஏறி நின்றோம். நோட்டில் ‘வாளி - 1’ என்று ஏறியது.

மண் தொட்டியில் நீற்றி, மணல் சேர்த்து, கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் விட வேண்டும் என்றாள் பெரியம்மை. கருப்பட்டிப் பானையை ராத்திரி மூடாமல் வைத்ததில், மறுநாள் கலவைக்கு எறும்பும் சேர்ந்தது. இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு போய்விடுகிறது. நீற்றிப் பூசினால் காற்றிலிருந்து அதே வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கி மறுபடியும் கல்லாகிறது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். பத்து நாள் லீவில் வந்தவன் கையில் எடுக்கிற பொருளா அது?

கலவையைக் கரண்டியில் அள்ளிச் சுவரில் அப்பினேன். ஒரு கணம் நின்றது. பிறகு மொத்தமாக உரிந்து கட்டிலில் விழுந்தது. மறுபடியும் அப்பினேன், மறுபடியும் விழுந்தது. சாயங்காலம் வேலை முடித்துத் திரும்பும் கொத்தனார் அண்ணாச்சி தினமும் வந்து நிலையில் சாய்ந்துகொண்டு இதைப் பார்த்தார். மூன்றாம் நாள் தன் சித்தாள்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான்காம் நாள் பெரியம்மை அவர்களுக்கு முறுக்கு கொடுத்தாள்.

அன்றைக்குத்தான் அவர் வாயைத் திறந்தார். “சுவரை நனைச்சியளா?”

“இல்லையே அண்ணாச்சி. ஏற்கெனவே ஈரம்னுதானே...”

“கீழதான் ஈரம். மேல தாகமா கெடக்கு. நீங்க பூசுத கலவையில உள்ள தண்ணியெல்லாம் அது குடிச்சிட்டா, கலவை எப்படி நிக்கும்?” கரண்டியை வாங்கினார். சுவரில் தண்ணீரைத் தெளித்தார். மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினார். கலவை பளீரென்று போய் ஒட்டிக்கொண்டது. “அப்பக்கூடாது தம்பி, அடிக்கணும்.” நான்கு நாளாக நான் போராடிய இடத்தை முக்கால் மணி நேரத்தில் மூடிவிட்டு, மட்டப்பலகையால் தேய்த்து, கை கழுவிக்கொண்டு போய்விட்டார். கூலி வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எனக்கு இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

இடையில் மச்சுப் பலகை ஒன்றைக் கழற்றிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தலைமுறைத் தூசி, நெல் உமி, எலிக்கூடு, ஒரு படிக்கம், கடைசியாக ஐந்தடி நீளத்தில் ஒரு பாம்புச் சட்டை, இந்த வரிசையில் என் தலையில் விழுந்தன. மனைவி வாசலிலிருந்தே கேட்டாள்: “சட்டை இங்க இருக்கு. ஆள் எங்க?” நம்ம வீட்டுச் சாரைதான் அது, எலி பிடிக்கும், பாவம் என்றாள் பெரியம்மை. அன்று ராத்திரி மனைவியும் பிள்ளைகளும் பெரியம்மை வீட்டில் படுத்தார்கள். நானும்தான்.

வயரிங்குக்கு வருவோம். சுவரோரமாக மரப்பட்டையில் ஓடிய வயரின் முடிவில், பீங்கான் சுவிட்சு மூன்று இருந்தன. ஒன்று லைட்டு, ஒன்று ஃபேன். மூன்றாவதைப் போட்டால் எதுவும் எரியாது. போட்டேன், அணைத்தேன், டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். வயர் சுவருக்குள் நுழைந்து எங்கேயோ போயிற்று. “எந்தப் புத்திசாலி இழுத்த வயரோ இது?” என்று முனகிக்கொண்டே பத்துத் தடவையாவது தட்டியிருப்பேன். பெரியம்மை மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

“எய்யா, தொழுவத்துல பல்பு எரியுது! அணையுது! எரியுது!”

இருபது வருஷமாக அந்தப் பல்பு பீஸ் போய்விட்டது என்று நினைத்து, அரிக்கேன் விளக்கோடு மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தாளாம். எங்கள் அரங்குச் சுவிட்சை யாரும் போடாததுதான் காரணம் என்று தெரியாது. வயர் இழுத்தது யார் என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து அவளே சொன்னாள். “ஒங்க பெரியப்பா கரண்டு வேல நல்லாப் பாப்பா. கண்டியா, இன்னும் எரியுதுலா?” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கரண்ட் பில் யார் கணக்கில் வரும் என்று கேட்கலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன்.

எட்டாம் நாள் சாரல் வந்துவிட்டது. மச்சில் சொட்டுகிற ஒரு ஓட்டை மாற்றக் கூரையில் ஏறி, அந்த ஓட்டுக்குப் போகிற வழியில் பதினேழு ஓட்டை மிதித்து உடைத்தேன். தாத்தா போட்ட சீமை ஓட்டின் வாயும் இன்றைக்குக் கடையில் விற்கிற ஓட்டின் வாயும் ஒன்றோடொன்று சேரவில்லை. நோட்டில் அந்த நாளுக்கு எழுத இடம் போதாமல் அட்டையின் உட்புறத்துக்குப் போனாள் மனைவி.

ஒன்பதாம் நாள் வெள்ளையடித்தேன். சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு சிட்டிகை நீலம் போட வேண்டும். நான் பாக்கெட்டைத் தட்டியதில் ஒரு கட்டியாக விழுந்தது. மட்டையை முக்கி இழுத்தால் சுவரில் ஒன்றுமே தெரியவில்லை, தண்ணீர் பூசிய மாதிரி இருந்தது. இன்னொரு தடவை அடித்தேன். இன்னொரு தடவை. சுண்ணாம்பு காய்ந்தால்தான் நிறம் காட்டும் என்பது காலையில் கதவைத் திறந்தபோது தெரிந்தது. “அப்பா, ஸ்விம்மிங் பூல்!” என்று கத்தினான் சின்னவன்.

ஆறாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்ட கணக்கு இருபத்தேழாயிரத்தில் வந்து நின்றது. ஆணியைச் சுவரில் அடிக்க வேண்டாம், சட்டம் வைத்த கொசுவலைத் தாங்கி கடையிலேயே முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று கடைசி நாள் பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தவள் மனைவிதான். சென்னை வரும்வரை நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த பங்குனி உத்திரத்துக்கு, சாஸ்தா கோயிலுக்கென்று மறுபடியும் ஊருக்குப் போனோம். பையை வைக்க அரங்கைத் திறந்தேன். தேக்குக் கட்டில் நிறையப் புளி. கீழே தேங்காய்க் குவியல். நான் மாட்டிய பலகைத் தட்டில் உள்ளி. தட்டு கொஞ்சம் சாய்வு என்பதால் விளிம்பில் தடுப்புக்கு ஒரு கம்பை வைத்துக் கட்டியிருந்தார்கள்.

“சுண்ணாம்புச் சுவருல்லா, பூச்சி அண்ட மாட்டேங்கு” என்றாள் பெரியம்மை. “நல்லா வேல பாத்திருக்கல. நீ பட்டாசல்ல படு, காத்து வரும்.”

“கொசு?”

“வலை கட்டிக்கோ.”

“வலை எங்க பெரியம்மை?”

அவள் தன் வீட்டுத் தட்டடியைக் காட்டினாள். ஏறிப் பார்த்தேன். வேட்டியில் வரிசை வரிசையாக வடகம் காய்ந்துகொண்டிருந்தது. காக்கை கொத்தாமலிருக்க, அதன்மேல் என் கொசுவலை. காற்றில் பறந்துவிடாதபடி நான்கு மூலையிலும் நான்கு உடைந்த ஓட்டுத் துண்டுகள்.