நல்ல சம்பளம் எவ்வளவு? – ஒரு சிங்கப்பூர்க் கடிதம்

சிங்கப்பூரில் சம்பளத்தை மாதக் கணக்கில் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில், அதிலும் கல்யாணத் தரகர் பக்கத்தில் இருந்தால், ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்று சொல்கிறார்கள். இடையில் நடப்பது பெருக்கல். மாதம் 6,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், வாங்குபவரின் சம்பளத்தை, வெள்ளிக்கு 60 ரூபாய் என்று குறைத்தே வைத்துப் பெருக்கினாலும் 3,60,000 ரூபாய் வரும். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 43 லட்சத்தைத் தாண்டும். ஊரில் இந்தக் கணக்கு நடக்கும் நேரத்தில், அந்த 43 லட்சத்துக்கு உரியவர் தேக்கா சந்தையில் வெண்டைக்காய் விலையைக் கேட்டுவிட்டு, கூடையில் போட்டதில் பாதியைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டிருப்பார். பெருக்கல் அங்கே, கழித்தல் இங்கே. நல்ல சம்பளம் எது என்று அறிய, கழித்தல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதே முறை.

முதலில், நாட்டில் மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்பது. மனிதவள அமைச்சின் கணக்குப்படி, 2024 ஜூனில் முழுநேர வேலையில் இருந்த குடிமக்கள், நிரந்தரவாசிகள் ஆகியோரின் இடைநிலை மாத வருமானம் 5,500 வெள்ளி. பாதிப்பேர் இதற்கு மேல், பாதிப்பேர் இதற்குக் கீழ். முதலாளி கட்டும் சேமநிதிப் பங்கும் இதற்குள் அடக்கம் என்பதால், கைக்கு வருவது கணிசமாகக் குறையும். எல்லாத் தொழிலுக்கும் பொதுவான குறைந்தபட்சக் கூலி இங்கே கிடையாது. துப்புரவு, பாதுகாவல் போன்ற சில தொழில்களுக்கு மட்டும் படிப்படியாக உயரும் சம்பளத்தை அரசு வகுத்திருக்கிறது. உச்சிக்கோ வரையறை மிகத் துல்லியம். 2012-இல் வந்த வெள்ளை அறிக்கையின்படி, நாட்டில் அதிகம் சம்பாதிக்கும் 1,000 குடிமக்களின் இடைநிலை வருமானத்தை எடுத்து, அதில் 40 சதவீதத்தைக் கழித்தால் அமைச்சரின் சம்பளம் வரும். அந்தக் கணக்கில் புதிய அமைச்சருக்கு ஆண்டுக்கு 11 லட்சம் வெள்ளி, பிரதமருக்கு 22 லட்சம். கழித்த 40 சதவீதம் பொதுவாழ்வின் தியாகத்துக்கு அடையாளமாம். தியாகத்தைச் சதவீதத்தில் அளந்து சம்பளப் பட்டியலில் ஏற்றிவிட்டதால், மேடையில் அதைப் பற்றித் தனியாகப் பேசவேண்டிய வேலை மிச்சம்.

வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு நல்ல சம்பளம் எது என்பதையும் அரசே சொல்லிவிடுகிறது. பட்டதாரி வேலைகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரி முதல் குறைந்தது 5,600 வெள்ளி வேண்டும். வங்கி, நிதித் துறை என்றால் 6,200. இது 23 வயதுக்காரருக்கு. வயது ஏற ஏறத் தொகையும் ஏறி, 45 வயதில் 10,700-ஐ எட்டுகிறது. நிதித் துறையில் 11,800. ஆகவே பாஸ் புதுப்பிக்கும் ஆண்டில் பிறந்தநாள் வந்தால், கேக் வெட்டுவதற்கு முன் அமைச்சின் பட்டியலில் தன் வயதுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது வழக்கம். சம்பளம் தேறினாலும் 2023 செப்டம்பரில் வந்த ‘காம்பஸ்’ என்ற மதிப்பெண் முறையில் 40 மதிப்பெண் எடுக்கவேண்டும். சம்பளம், பட்டம், அலுவலகத்தில் எந்த நாட்டவர் எத்தனை பேர், உள்ளூர்க்காரர் எத்தனை பேர் என்று பாடங்கள் பல. மாதம் 22,500 வெள்ளியும் அதற்கு மேலும் வாங்குபவருக்கு இந்தப் பரீட்சை கிடையாது.

பாஸ் கிடைத்தபின் குடும்பம். மனைவியையோ கணவரையோ, பிள்ளைகளையோ அழைத்துவர மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருக்கவேண்டும். 5,990 வாங்குபவர் கட்டை பிரம்மச்சாரி, 6,000 வாங்குபவர் குடும்பஸ்தர். முதலாளியிடம் பத்து வெள்ளி சம்பள உயர்வு கேட்க இதைவிட உருக்கமான காரணம் கிடைக்காது. அப்பா, அம்மாவை நீண்டகால அனுமதியில் வைத்துக்கொள்ள 12,000 வேண்டும். மாமனார், மாமியாருக்குப் பட்டியலில் தொகையே இல்லை. எவ்வளவு சம்பாதித்தாலும் அந்த அனுமதி கிடைக்காது. அவர்கள் சுற்றிப்பார்க்க வரும் விருந்தினர்களாகத்தான் வந்துபோக வேண்டும். சில வீடுகளில் இதைச் சட்டத்தின் குறையாகவும் சில வீடுகளில் நிறையாகவும் கருதுகிறார்கள்.

வரி, ஊரில் பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஆண்டு வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி கிடையாது. மாதம் 6,000 வாங்குபவர் ஆண்டுக்குக் கட்டுவது ஏறக்குறைய 2,700 வெள்ளி, அதாவது அரைமாதச் சம்பளம்கூட இல்லை. ஆனால் அதை மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்காமல் அடுத்த ஆண்டு மொத்தமாகக் கேட்கிறார்கள். புதிதாக வந்தவர் முதல் ஆண்டு முழுவதும் வரியில்லாத நாட்டில் இருப்பதாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டாம் ஆண்டு கடிதம் வந்ததும் பேச்சைக் குறைத்துக்கொள்வார்.

பெரிய பிடித்தம் மத்திய சேமநிதி. 1955-இல் தொடங்கிய இது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். 55 வயது வரை ஊழியர் 20 சதவீதம், முதலாளி 17 சதவீதம் கட்டவேண்டும். 2026 ஜனவரி முதல், மாதம் 8,000 வெள்ளி வரையிலான சம்பளத்துக்கு இது பொருந்தும். பாஸில் இருப்பவருக்குச் சேமநிதி இல்லாததால் 6,000 வெள்ளியும் கைக்கு வரும். அதே சம்பளத்தில் நிரந்தரவாசம் கிடைத்தவருக்கு, முதல் இரண்டு ஆண்டுச் சலுகை விகிதம் முடிந்தபின், 4,800 வெள்ளிதான் வரும். 2,220 வெள்ளி அவர் பெயரில் சேமநிதியில் ஏறும். வீடு வாங்க, மருத்துவம் பார்க்க, முதுமையில் எடுக்க என்று அதற்குத் தனித்தனிக் கணக்குகள் உண்டு. நிரந்தரவாசம் கிடைத்ததற்கு லட்டு கொடுத்தவரின் கைச்சம்பளம் குறைந்துபோனது எப்படி என்று ஊரில் விளக்க, குறைந்தது இரண்டு தொலைபேசி அழைப்புகள் தேவைப்படும்.

கழித்தல்களில் ராஜா வீட்டு வாடகை. மக்களில் பெரும்பாலோர் 1960-இல் உருவான வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில், பேச்சு வழக்கில் வீவக வீடுகளில், இருக்கிறார்கள். இங்கே ‘மூவறை வீடு’ என்றால் இரண்டு படுக்கையறை. கூடத்தையும் அறையாக எண்ணிவிட்டார்கள். அப்படி ஒரு வீட்டின் வாடகை மாதம் மூவாயிரத்தை ஒட்டி வரும். குடும்பத்தை அழைத்துவர 6,000 போதும் என்று சட்டம் சொல்கிறது. அழைத்துவந்தபின் அதில் பாதியை வீட்டுக்காரர் வாங்கிக்கொள்கிறார். தனியாள் அந்த வீட்டில் ஓர் அறையை மட்டும் ஆயிரத்துச் சொச்சத்துக்கு எடுப்பார். அறை விளம்பரங்களில் ‘சமையல் கூடாது’, ‘லேசான சமையல் உண்டு’ என்ற இரண்டு வகை உண்டு. முட்டை அவிப்பது லேசான சமையல் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கடுகு, காய்ந்த மிளகாய் தாளிப்பது எதில் சேரும் என்பது வீட்டுக்காரரின் மூக்கைப் பொறுத்தது. ஏசியை இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் போடலாம் என்று நேரம் குறித்துத் தருவோரும் உண்டு. சம்பளம் எவ்வளவு என்பதைவிட, நினைத்த நேரத்தில் ரசம் வைக்க முடிகிறதா என்பதே தனியாளின் வசதிக்குச் சரியான அளவுகோல்.

வாடகைக்குப் பதில் சொந்தமாக வாங்கலாமே என்பது ஊரில் எல்லாரும் தரும் யோசனை. வெளிநாட்டவர் தனியார் வீடு வாங்கினால் 2023 ஏப்ரல் முதல் விலையில் 60 சதவீதத்தைக் கூடுதல் முத்திரை வரியாகக் கட்டவேண்டும். 15 லட்சம் வெள்ளி வீட்டுக்கு வரி மட்டும் 9 லட்சம். யோசனை அத்தோடு முடிகிறது. நிரந்தரவாசத் தம்பதி மூன்று ஆண்டு காத்திருந்து மறுவிற்பனை வீவக வீடு வாங்கலாம். கழகம் கட்டித்தரும் புதிய வீடுகள் குடிமக்களின் குடும்பங்களுக்கு. அவற்றுக்கும் வருமான வரம்பு உண்டு. 2019-இல் அது மாதம் 14,000 வெள்ளி என்று உயர்ந்தது. வரம்பை ஒட்டிச் சம்பாதிக்கும் தம்பதி, வீடு உறுதியாகும் வரை சம்பள உயர்வு வராமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வது உண்டு. எல்லாம் கூடிவந்து வாங்கினாலும் குத்தகைக் காலம் 99 ஆண்டு. காணி நிலத்தைக் காலாகாலத்துக்கும் சொந்தமாக்கிப் பழகிய ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள், வாங்கியவருக்கு வயது நாற்பத்தைந்து என்பதை மறந்து.

மாப்பிள்ளைக்குக் கார் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. காரின் விலையைச் சொல்வதற்கு முன் அதை வைத்திருக்கும் உரிமையின் விலையைச் சொல்லவேண்டும். சாலையில் வண்டிகள் பெருகாமலிருக்க 1990-இல் வந்தது சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழ். மாதம் இருமுறை ஏலம். வாங்கினால் பத்து ஆண்டு செல்லும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் 1,06,000 வெள்ளிக்கும் பெரிய கார்களுக்கானது 1,50,001 வெள்ளிக்கும் போனது. கார் தனி. பத்து ஆண்டு முடிந்ததும் மறுபடி பணம் கட்டவேண்டும், அல்லது வண்டியைக் கைவிடவேண்டும். ஆகவே இங்கே கார் இல்லாததை வைத்து யாரையும் எடைபோட முடியாது. எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து மழையில் நனையாமல் வீடு போய்ச் சேரக் கூரை போட்ட நடைபாதை இருந்தால், அவர் வசதியாக வாழ்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சாப்பாடு, சம்பளக்காரரைக் காப்பாற்றும் துறை. 2020-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பிடித்த உணவங்காடிகளில் நான்கு முதல் ஆறு வெள்ளிக்கு வயிறு நிறையும். கோப்பி ஒன்றரை வெள்ளியை ஒட்டி. வந்த புதிதில் ஒரு கோப்பிக்குத் தொண்ணூறு ரூபாயா என்று நெஞ்சில் கைவைப்பவர், சில வாரங்களில் பெருக்குவதை விட்டுவிடுகிறார். உட்கார்ந்து பரிமாறும் உணவகத்துக்குப் போனால் பழக்கம் திரும்பிவிடும். அங்கே விலையோடு 10 சதவீதச் சேவைக் கட்டணமும், 2024 முதல் 9 சதவீதமாகிவிட்ட பொருள், சேவை வரியும் சேரும். ஊரிலிருந்து வந்த விருந்தினர் ரசீதைப் பார்க்காமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பிள்ளைகள் வந்ததும் கணக்கு மாறும். உள்ளூர்த் தொடக்கப்பள்ளியில் குடிமக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கட்டணம் இல்லை, தமிழும் தாய்மொழிப் பாடமாக உண்டு. வெளிநாட்டவரின் பிள்ளைகளுக்கு மாதக் கட்டணம் நூற்றுக்கணக்கில்; இடமும் மற்றவர்களுக்குப் போக மிஞ்சினால்தான். அனைத்துலகப் பள்ளி என்றால் ஆண்டுக்குப் பல்லாயிரம். துணைப்பாட வகுப்புச் செலவில் மட்டும் குடிமகன், நிரந்தரவாசி, பாஸ்காரர் என்ற வேறுபாடே கிடையாது.

இத்தனையும் பாஸ்காரர் கதை. கட்டுமானம், கப்பல்பட்டறை வேலைக்கு ஒர்க் பெர்மிட்டில் வருபவருக்குக் கணக்கே வேறு. அவருக்குக் குறைந்தபட்சச் சம்பள நிபந்தனை இல்லை. குடும்பத்தை அழைத்துவரவும் முடியாது. கட்டுமானத்தில் அடிப்படைத் திறனுள்ள ஒருவருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 2024 முதல் 900 வெள்ளி. அந்தத் தொகையை எட்டாத அடிப்படைச் சம்பளம் வாங்குவோர் உண்டு. மிச்சத்தை ஈடுகட்டுவது ஓவர்டைம்: ஒன்றரை மடங்குக் கூலி, மாதம் 72 மணி நேரம் என்பது சட்ட வரம்பு. இங்குள்ள முகவர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் கட்டணமாக வாங்கலாம் என்று விதி இருக்கிறது. ஊர் ஏஜெண்டுக்கு நகையை அடகுவைத்துக் கொடுத்ததை அந்த விதி எட்டாது. அந்தக் கடன் எத்தனை மாதத்தில் அடைகிறது என்பதே அவருக்கு நல்ல சம்பளத்தின் இலக்கணம். அடைந்தபின், தங்குமிடம் முதலாளி பொறுப்பு என்பதால், சம்பளத்தில் பெரும்பங்கை ஊருக்கு அனுப்பமுடிகிறது. விகிதப்படி பார்த்தால், அடுக்குமாடியில் ஏசி போட்டுத் தூங்கும் அதிகாரியைவிட அவரே அதிகம் சேமிப்பவராக இருப்பதும் உண்டு.

ஊருக்கு அனுப்புவது செலவா, சேமிப்பா என்பதில் பொருளாதாரத்துக்கும் குடும்பத்துக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. முன்பு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடையில் வரிசையில் நிற்கவேண்டும். 2023 பிப்ரவரியில் இங்குள்ள பேநவ் என்ற பணப்பரிமாற்ற முறையும் இந்தியாவின் யுபிஐயும் இணைந்தபின், கைபேசியிலேயே நொடியில் போய்விடுகிறது. வசதிதான். ஆனால் ‘அடுத்த வாரம்தான் கடைக்குப் போகமுடியும்’ என்ற நம்பகமான சாக்கு அதோடு ஒழிந்தது. அனுப்பும் தொகை சம்பளம் ஏறினால் ஏறும், வெள்ளியின் மதிப்பு ஏறினாலும் ஏறும். இரண்டும் இறங்கும்போது இறங்காது.

கடைசிக் கழித்தல், வராத ஆபத்துக்காக எடுத்துவைப்பது. வேலை போனால் எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தாகும். அதன்பின் தங்க வழக்கமாக 30 நாள் கிடைக்கும். அதற்குள் வேறு வேலை தேடவேண்டும், அல்லது வீட்டு ஒப்பந்தத்தை முடித்து, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்து, சாமான்களை விற்றுக் கிளம்பவேண்டும். வரிக் கணக்கு தீரும்வரை கடைசிச் சம்பளத்தை முதலாளி நிறுத்திவைப்பார். சம்பளம் எவ்வளவு பெரியதானாலும், இந்த 30 நாளைத் தாங்கும் சேமிப்பு இல்லையென்றால் அது நல்ல சம்பளம் ஆகாது.

ஆகக் கூட்டிக் கழித்தால், தனியாள் ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ஊருக்குக் கொஞ்சம், வங்கியில் கொஞ்சம் என்று நிம்மதியாக இருக்க 5,000 முதல் 6,000 வெள்ளி போதும். ஒருவர் சம்பளத்தில் தம்பதியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதானால் 10,000-க்குக் கீழே இழுபறிதான். அனைத்துலகப் பள்ளி சேர்ந்தால் அதுவும் பற்றாது. தம்பதி இருவருக்கும் வேலையும், பெயரில் ஒரு வீவக வீடும் இருந்தால், இதைவிடக் குறைவான சம்பளங்களே வசதியான வாழ்வு தரும். கடன் அடைத்த கட்டுமானத் தொழிலாளிக்கு 1,200 வெள்ளி நல்ல சம்பளம். எண் ஆளுக்கு ஆள் மாறினாலும் சோதனை ஒன்றே: அடுத்த சம்பளம் ஏறும் நாளில் போன சம்பளத்தில் ஏதாவது மிச்சம் இருக்கவேண்டும். ஊருக்குச் சொல்லும்போது அந்த மிச்சத்தை மட்டும் 60-ஆல் பெருக்கிச் சொன்னால் கணக்கும் சரியாக இருக்கும், கைமாற்று கேட்டு வரும் அழைப்புகளும் குறையும்.