'புவேனோ' என்னும் பெயரடையும் அதனால் விளையும் இடர்களும்: ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்: ஸ்பானிய மொழியில் 'நல்ல' என்று பொருள்படும் 'புவேனோ'. முதல் வாரத்திலேயே கற்றுவிட்டதாக மாணாக்கர் நம்பும் சொல் இது. அந்த நம்பிக்கையைத் தகர்ப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

1. வடிவம்: நம் 'நல்ல' யார் முன் நின்றாலும் மாறாது. புவேனோ அப்படியல்ல. பெண்பாலுக்குப் புவேனா, பன்மைக்குப் புவேனோஸ், புவேனாஸ். ஆண்பால் ஒருமைப் பெயருக்கு முன்னால் வந்தால் வால் அறுந்து 'புவேன்'. பின்னால் போனால் வால் மீண்டும் முளைக்கும். இத்தகைய விதிகளைச் சொல்லும் காஸ்தீலிய (அதாவது ஸ்பானிய) இலக்கணத்தை 1492-ல் நெப்ரிஹா என்னும் புலவர் அச்சேற்றினார். அதே ஆண்டு கொலம்பஸ் கப்பலேறியதற்கு இந்த இலக்கணம்தான் காரணம் என்று நிறுவ ஆதாரம் போதவில்லை.

2. இடம்: 'ஓம்ப்ரே புவேனோ' நற்குணமுள்ள மனிதர். 'புவேன் ஓம்ப்ரே' என்று முன்னால் வைத்தால், 'பாவம், வெள்ளந்தி' என்ற சாயலும் ஒட்டிக்கொள்ளக்கூடும். பெயருக்குப் பின்னால் நின்ற புவேனோவுக்கு ஒரு சான்று: 1294-ல் ஸ்பெயினின் தாரிஃபா கோட்டையை முற்றுகையிட்டோர், "சரணடையாவிட்டால் உன் மகனைக் கொல்வோம்" என்றபோது, கோட்டைத் தலைவர் குஸ்மான் அதற்கெனத் தம் கத்தியையே வீசிக் கொடுத்தார் என்பது மரபுக் கதை. அவருக்குக் கிடைத்த பட்டம் 'குஸ்மான் எல் புவேனோ', அதாவது 'நல்லவர் குஸ்மான்'. பட்டத்தை மகன் ஆமோதித்திருப்பாரா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

3. அளவு: 'புவேனா போஃபெதாதா' என்றால் பலமான அறை. 'நல்லா வாங்கினான்' என்று பேசும் தமிழருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

4. ஒலி: மெக்சிகோவில் தொலைபேசியை எடுப்பவர் முதலில் சொல்வது 'புவேனோ?'. அழைத்தவர் நல்லவரா என்ற விசாரணை அல்ல அது, வெறும் 'ஹலோ'தான். தன்னிலை விளக்கம் தர வேண்டாம்.

5. வினை: ஆபத்து இங்கேதான். நம் 'இரு'வுக்கு அங்கே செர், எஸ்தார் என இரண்டு வினைகள். செர் சேர்ந்த 'எஸ் புவேனோ', ஆள் நல்லவர் என்னும். எஸ்தார் சேர்ந்த 'எஸ்தா புவேனோ', சோற்றைப் பற்றியானால் ருசி. காய்ச்சலிலிருந்து எழுந்தவரைப் பற்றியானால் குணம். மற்றபடி ஓர் ஆளைப் பற்றியானால் 'செம கட்டை' ரகத்துக் கொச்சை. வருங்கால மாமியாரின் சமையலைப் புகழ்பவர், எழுவாய் சமையல்தானா என்று இருமுறை சரிபார்ப்பது நலம்.

முடிவு: சாப்பாட்டுக்கு 'எஸ்தா', ஆளுக்கு 'எஸ்'. இந்த ஒரு விதியை மனப்பாடம் செய்யுங்கள். குழப்பம் வந்தால் வாய் நிறையச் சாப்பிடுங்கள். பேச வேண்டிய அவசியமே இராது.