ஜோதியும் லூஸ் கான்டாக்ட்டும்

அந்தக் காலத்தில் கண்ணுக்குள் வெளிச்சம் பார்க்க நாங்கள் யாருக்கும் காசு கொடுத்ததில்லை. கணக்கு வாத்தியார் போதும். பதினாறாம் வாய்ப்பாட்டில் ஏழுக்குப் பிறகு நின்றால் நடுமண்டையில் ஒரு கொட்டு விழும். கண்ணில் பொறி பறக்கும். அவர் லீவு போட்ட நாளில் நாங்களே ஏற்பாடு செய்துகொள்வோம். ராத்திரி போர்வைக்குள் புகுந்து இரண்டு கண்ணையும் உள்ளங்கையால் அழுத்தினால் முதலில் பச்சை மூட்டம், அப்புறம் மஞ்சள் வளையம், கொஞ்சம் பொறுத்தால் புள்ளிக்கோலம் போலக் கட்டங்கள் ஓடும்.

இது என் கண்டுபிடிப்பு என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஐசக் நியூட்டன் 1660களிலேயே முந்திக்கொண்டார் என்று பிற்பாடு தெரிந்தது. அவர் மழுங்கிய ஊசி ஒன்றைக் கண்ணுக்கும் எலும்புக்கும் நடுவே செருகி அழுத்தி, தெரிந்த வண்ண வளையங்களைப் படமும் போட்டு வைத்தார். எங்கள் வீட்டில் கோணி ஊசி எட்டாத உயரத்தில் இருந்தது. அதனால் நான் நியூட்டனாகவில்லை, பார்வையும் பிழைத்தது.

குறிஞ்சிப்பாடியில் எங்கள் வீட்டில் கண் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் ஆயாவிடம் ஒரே பதில்தான்: பித்தம். பூச்சி பறந்தால் பித்தம், இருட்டிக்கொண்டு வந்தால் பித்தம். சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல், படுக்கும்போது இமை மேல் நந்தியாவட்டைப் பூ. அந்த வைத்தியத்துக்கு அடங்காத ஒரே வெளிச்சம் பெரியப்பாவுக்கு வந்ததுதான்.

பெரியப்பா வள்ளலார் பக்தர். வடலூர் எங்களுக்குப் பக்கம். தைப்பூசம் தவறினதே இல்லை. சத்திய ஞான சபையில் ஏழு திரைகள் ஒவ்வொன்றாக விலகும், கறுப்புத் திரைதான் முதலில். ஏழும் விலகினால் ஜோதி தெரியும். என்னையும் தோளில் தூக்கி வைத்துக் காட்டியிருக்கிறார்.

1975ஆம் வருஷம், அவருக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். இருட்டில் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், இடது கண் ஓரத்தில் பளிச் பளிச்சென்று வெளிச்சம் வருகிறது என்றார். கண்ணை மூடினாலும் வருகிறதாம். மூடிய கண்ணில் வெளிச்சம் என்றால் வேறென்ன? செய்தி தெருவுக்குப் போனது. இரண்டு பேர் பழத்தட்டோடு வந்தார்கள். கடன் கேட்டு வந்த ஒருவர்கூட அன்றைக்குக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஆயா மட்டும், "பித்தம்டா" என்றாள். சொந்தப் பிள்ளைக்கு ஞானம் வரும் என்று எந்தத் தாய் நம்புவாள்?

பத்துப் பதினைந்து நாளில் கண்ணுக்குள் கரித்தூள் கொட்டினது போல் இருக்கிறது என்றார். பிறகு கீழேயிருந்து கறுப்பாக ஏதோ ஏறுகிறது என்றார். வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை. வலிக்காத கண்ணை யார் டாக்டரிடம் காட்டுவார்கள்? பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனபோது இரண்டு மாதம் ஓடியிருந்தது. விழித்திரை கழன்றுவிட்டது, ரொம்பத் தாமதம் என்றார்கள். வடலூரில் கறுப்புத் திரை முதலில் விலகும். பெரியப்பாவுக்கு அது கடைசியில் வந்து விழுந்தது. ஆனால் பார்த்தது ஜோதியில்லை என்று அவர் சாகும்வரை ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது என் கதை. வயசு அறுபத்திரண்டு. மின்வாரியத்தில் முப்பத்துநாலு வருஷம் குப்பை கொட்டி ரிடையர் ஆனவன். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தேன். வலது ஓரத்தில் பிறை மாதிரி ஒரு மின்னல். மழையாக்கும் என்று ஜன்னலைத் திறந்தால் வானம் நிறைய நட்சத்திரம். திரும்பினால் மறுபடி மின்னல். சந்தேகமே இல்லை, டியூப்லைட்டில் லூஸ் கான்டாக்ட். ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு ஸ்டார்ட்டரை மாற்றினேன். மனைவி முழித்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்: "என்னங்க, லைட்டே போடல, அது எப்படி மின்னும்?"

சுவிட்சைப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. முப்பத்துநாலு வருஷ சர்வீஸ்.

காலையில் ஆளுக்கொரு யோசனை. எதிர்வீட்டுக்காரர் பித்தம் என்றார்; ஆயா போய் நாற்பது வருஷமாகியும் மருந்து மாறவில்லை. யோகா வகுப்பு நண்பர் குண்டலினி என்று கை கொடுத்தார். என் தங்கை, "எனக்கும் வருமே" என்றாள். அவளுக்கு வருவது வேறு: இரண்டு கண்ணிலும் ரம்பப் பல் போல நெளிகிற ஒளிக்கோடு இருபது நிமிஷம் பெரிதாகி மறையும், பின்னாலேயே தலைவலி. அது ஒற்றைத் தலைவலி. கோளாறு மூளையில், கண்ணில் இல்லை. பெங்களூர் மகள் மட்டும் யோசனை சொல்லாமல் திட்டினாள்: "அப்பா, இன்னிக்கே போறீங்க."

கடலூரில் கண் டாக்டரிடம் போனேன். சொட்டு மருந்து விட்டு பாப்பாவை விரிய வைத்து, ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைத்தார்கள். டாக்டர் என் மகள் வயசுப் பெண். நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு, கையில் லென்ஸோடு, "மேல பாருங்க சார், மூக்கைப் பாருங்க சார்" என்று மூலை முடுக்கெல்லாம் தேடினார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த தமிழில் சொல்கிறேன். கண்ணுக்குள் இருக்கிற ஜெல்லி, இளவயதில் கெட்டித் தயிர். வயசாக ஆக நீர் விட்டுச் சுருங்குகிறது; பாத்திரத்தின் ஓரத்தை விட்டு விலகுகிறது. விலகும்போது பின்னால் ஒட்டியிருக்கிற விழித்திரையைப் பிடித்து இழுக்கிறது. விழித்திரைக்கு வலிக்கத் தெரியாது. ஒளி பட்டாலும், உள்ளங்கை அழுத்தினாலும், தயிர் இழுத்தாலும் அது மூளைக்கு அனுப்புகிற தந்தி ஒன்றே ஒன்றுதான்: வெளிச்சம். மரக்கிளை உரசினால் லைனில் பொறி வருமே, அதே சமாசாரம். பெரும்பாலோருக்கு விலகுவதோடு முடிந்துவிடும். இப்படி மின்னல் தெரிந்து வருகிறவர்களில் ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கு இழுத்த இடத்தில் கிழிந்துவிடுகிறது. கிழிசலை அன்றைக்கே கண்டுபிடித்தால் சுற்றிலும் லேசர் வைத்து அடைக்கலாம். விட்டால் நீர் உள்ளே புகுந்து, சுவரிலிருந்து வால்பேப்பர் உரிவது போல விழித்திரை கழன்று வரும். கிட்டப்பார்வைக்காரர்களும் கண்புரை ஆபரேஷன் ஆனவர்களும் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம்.

எனக்குக் கிழிசல் இல்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள், அப்போதும் இல்லை. பெரியப்பாவுக்கு ஜோதி என்றார்கள், எனக்குத் தயிர் என்கிறார்கள். கொஞ்சம் வருத்தம்தான். என்னைத் தேடி யாரும் பழத்தட்டோடு வரவில்லை.

கிழிசல்தான் காரணம், அதை அடைத்தால் பார்வையைக் காப்பாற்றலாம் என்று சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்து டாக்டர் ஜூல் கோனான் 1920களிலேயே செய்து காட்டிவிட்டார். அதாவது பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து மின்னல் பார்த்ததற்கு ஐம்பது வருஷம் முன்னால். லோசானில் தெரிந்தது பாண்டிச்சேரி வரை வந்திருந்தது. குறிஞ்சிப்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறினால் பாண்டிச்சேரி. நாங்கள்தான் ஏறவில்லை.

தொண்ணூறை நெருங்கும் பெரியம்மா போனில் கேட்டாள்: "ஏம்ப்பா, ஒனக்கும் தெரியுதாமே. பாண்டிச்சேரி போனியா?"

"கடலூர்லயே பாத்துட்டாங்க பெரியம்மா."

"அவ்ளோ கிட்ட வந்துடுச்சா" என்றாள். அப்புறம் மழையைப் பற்றிப் பேசினாள்.

உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கோ கண் ஓரத்தில் புதிதாக மின்னினால், கரும்புள்ளிகள் கொட்டினால், அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். போவதற்கு முன் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று வேண்டுமானால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டூலில் ஏற வேண்டாம்.