என்ன ஏத்துவீங்க, போஸ்?

ஈப்போவில் ஃபோர்வீல் வைத்திருப்பவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால்கூடச் சொல்லிவிடுவார். வண்டியில் எத்தனை கிலோ ஏற்றுகிறார் என்று கேட்டால் உண்மை வராது. மெங்லெம்புப் பக்கம் ஸ்பிரிங் விற்கும் தவுக்கே ஒருவருக்கு இது நன்றாகத் தெரியும். யார் வந்தாலும் விலையைச் சொல்லுமுன், மலாயும் தமிழும் கலந்து அவர் கேட்பது: "என்ன ஏத்துவீங்க, போஸ்?"

நம்மவர் ஒரு பள்ளி ஆசிரியர். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டு, லயத்து வீடுகள் காலியானபோது குடும்பத்தோடு புந்தோங்குக்கு வந்தவர். அவருடைய பழைய ஹைலக்ஸுக்குப் பின்பக்கம் தாழ்ந்துபோய், முகப்பு விளக்கு சாலையை விட்டு மரக்கிளைகளுக்கு வெளிச்சம் காட்டுகிறது. தவுக்கேயிடம் அவர் ஒப்பித்த பட்டியல் பெரியது. முன்னால் இரும்பு பம்பர், அதில் வின்ச், கூரையில் கூடாரம், கூடுதலாக ஒரு டயர், 80 லிட்டர் தண்ணீர். தவுக்கே எட்டிப் பார்த்தார். வண்டியில் ஒரு குடையும் திருத்தாத பயிற்சிப் புத்தகக் கட்டும் கிடந்தன.

"இனிமேதான் வாங்கணும்" என்றார் ஆசிரியர்.

வேறு விஷயமாக இருந்தால் பெருமைக்குச் சொன்னார் என்று விட்டுவிடலாம். ஸ்பிரிங்கில் பொய் சொன்னால் முதுகெலும்பு பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் பெட்டிகளில் ஒரே வண்டிக்கு, ஒரே உயரத்துக்கு, மூன்று நான்கு வகை உண்டு. எல்லாம் வண்டியில் எப்போதும் இருக்கும் எடையை வைத்துப் பிரித்தவை. பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் நூறு கிலோவை நெருங்கும். அதற்கென்று செய்த ஸ்பிரிங்கை வெறும் வண்டிக்கு மாட்டினால் மூக்கு தூக்கி நிற்கும். ரோட்டிலுள்ள ஒவ்வொரு ஒட்டுத்தாரும் இடுப்புக்குத் தெரியும். சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பியின் தடிமனுக்கு நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 13 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 14 மில்லிமீட்டர் என்றால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால் விறைப்பு 34 சதவீதம் கூடிவிடும். வண்டியைத் தாழ்த்த ஒரு சுற்றை வெட்டிவிடும் இளைஞர்களுக்கும் இதே கதிதான். சுற்று குறையக் குறைய மிச்சச் சுருள் முறுக்கிக்கொள்ளும்.

எடை விஷயத்தில் லேண்ட்ரோவர்காரர்கள் புத்திசாலிகள். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் அந்த வண்டியைக் காட்டினார்கள். அதே ஆண்டு ஜூன் 16-ல் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் சுடப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. பிறகு ராணுவம் போன இடமெல்லாம் லேண்ட்ரோவர் போனது. தோட்டத்துச் செம்மண் சாலையிலும் ஓடியது. நான்கு மூலையிலும் பிளேட் ஸ்பிரிங்தான். ஆனால் டிரைவர் பக்கத்துப் பிளேட் அடுக்கும் அடுத்த பக்கத்து அடுக்கும் ஒன்றல்ல. வலது கை ஓட்டு வண்டியில் டிரைவரும், அவர் இருக்கைக்கு அடியில் பெட்ரோல் தொட்டியும் ஒரே பக்கம் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பக்கத்துக்கு வளைவு அதிகம் வைத்தார்கள். துரையிடம் எடை கேட்டு அவரைச் சங்கடப்படுத்தவில்லை பாருங்கள்.

ஆசிரியருக்கு இன்னொரு ஆசையும் இருந்தது: எவ்வளவு விறைப்போ அவ்வளவு வீரம். தோட்டத்து உள்சாலை அப்படி நினைப்பதில்லை. செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் மழையில் போட்டுவைத்த தடத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது, ஸ்பிரிங் கீழே நீண்டு கொடுத்தால்தான் டயர் மண்ணைத் தொடும். விறைத்த ஸ்பிரிங் நீளாது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும். சாதாரண டிஃபரன்ஷியலோ தொங்கும் சக்கரத்தைத்தான் உற்சாகமாகச் சுற்றிவிடும். 1970-ல் வந்த ரேஞ்ச் ரோவரில் நீண்ட, மெத்தென்ற சுருளை வைத்தது சொகுசுக்காக மட்டுமல்ல.

இரண்டு அங்குலம் தூக்கலாமா என்ற பேச்சும் வந்தது. தூக்கினால் பிரேக் ஹோஸ் எட்டுகிறதா, புரொப்பெல்லர் ஷாஃப்ட் சாய்வில் அதிர்கிறதா என்று பார்க்க வேண்டும். சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஜேபிஜேகாரர் நிறுத்தினால் என்ன சொல்வது என்பது வேறு. இவற்றையெல்லாம் ஆசிரியர் சமாளித்துவிடுவார். அம்மாவைச் சமாளிக்க முடியவில்லை. "இதுலயே பனைமரம் ஏறுற மாதிரிதான்டா ஏறிக்கிட்டு இருக்கேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கடைசியில் தவுக்கே கேள்வியை மாற்றினார். "போன வருஷம் ரொம்ப ஏத்தினது எப்போ?"

அப்போதுதான் உண்மை வந்தது. தோட்டம் போய்விட்டாலும் மாரியம்மன் கோயில் செம்பனைக்கு நடுவே இருக்கிறது. திருவிழாவுக்கு ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பழைய தோட்டத்து ஜனம் திரும்பி வரும். அன்னதானத்துக்கு அரிசி மூட்டை, சாம்பார் அண்டா, கேஸ் தோங், ஜெனரேட்டர், வாழைக்குலை, இவை எல்லாவற்றுக்கும் மேலே மச்சான்.

"வருஷத்துக்கு ஒரு நாள்தானே? அன்னைக்கு லாரி பிடிங்க."

"ஒரு நாளா? கொடியேத்தத்திலிருந்து கணக்கு வையுங்க தவுக்கே."

தவுக்கே யோசித்தார். பின்பக்கத்துக்கு, கடைசிப் பிளேட் தனியாகக் கீழே ஒதுங்கியிருக்கும் அடுக்கை எடுத்துக் காட்டினார். வண்டி காலியாக ஓடும்போது மேல் பிளேட்டுகள் மட்டும் வேலை செய்யும்; சுமை ஏறி அவை இறங்கியதும் கீழ்ப் பிளேட் வந்து தாங்கும். அம்மனுக்கும் முதுகுக்கும் இதைவிட நல்ல சமரசம் இல்லை என்பது இந்தக் கட்டுரையாளரின் கட்சி. முன்பக்கம் பம்பர் இல்லாத வண்டிக்கான மெல்லிய சுருள். வாங்காத வின்ச்சுக்கு ஸ்பிரிங் கிடையாது என்று தவுக்கே கறாராகச் சொல்லிவிட்டார்.

மாட்டி முடித்ததும் போர்மேன் ஆசிரியரை உள்ளே உட்காரச் சொல்லி, சக்கர மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்புவரை இரண்டு பக்கமும் டேப் பிடித்தார். வலது பக்கம் தாழ்ந்திருந்தது. தவுக்கே அலமாரியிலிருந்து மெல்லிய வட்டு ஒன்றை எடுத்து வந்தார். சுருளுக்கு மேல் வைத்தால் அந்தப் பக்கம் சற்று உயரும்.

"இது எந்தச் சுமைக்கு?" என்று கேட்டார் ஆசிரியர்.

தவுக்கே அவர் சட்டையின் நடுப் பொத்தானை ஒருமுறை பார்த்தார். "இருபது வெள்ளி, போஸ்" என்றார்.