மேலே ஒன்று போடு

நம்மவர் வீட்டில் எதையும் கழற்றி எறிந்ததாகச் சரித்திரம் கிடையாது. சுவரில் ஓதம் ஏறினால் மேலே வால்பேப்பர். மொசைக் பெயர்ந்தால் மேலே டைல்ஸ். சோபாவோடு வந்த பிளாஸ்டிக் உறை கிழிந்தபோதுகூட அதன்மேல் ஒரு துணி உறைதான் வந்தது. தெருவுக்கு நாலு பேர் இப்படி இருக்கிறார்கள். இவர்களுக்கென்றே கடைகளில் வந்து இறங்கியிருக்கும் சாமான், மேட்ரஸ் டாப்பர்.

வேறொன்றுமில்லை, மெத்தைமேல் விரிக்கும் இன்னொரு மெத்தை. இரண்டு அங்குலத்திலிருந்து நான்கு அங்குலம் வரை, மூலைக்கு மூலை எலாஸ்டிக் பட்டை. அடியில் இருப்பது நல்ல மெத்தையாக இருந்து, கல்லு மாதிரி உறுத்தினால் இது உதவும். நடுவில் குழி விழுந்த மெத்தை என்றால், டாப்பரும் சமர்த்தாக அந்தக் குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொள்ளும். கடைப்பையன் இதைச் சொல்லத்தான் வாயெடுப்பான். நம்மவர் விட்டால்தானே!

"தம்பி, டென்சிட்டி எத்தனை?"

"நாற்பது சார்."

"அய்யோ, கெட்டியா இருக்குமே!"

டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. மெத்தென்றிருக்குமா, கெட்டியா என்பது வேறு விவகாரம். பையன் விளக்கத் தொடங்குவதற்குள் நம்மவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்காட்சிக் கட்டிலில் ஏறியிருப்பார். மல்லாக்க ஒரு தடவை, ஒருக்களித்து ஒரு தடவை. சட்டைப்பையிலிருந்து சில்லறை உருளும். "நீயும் படுத்துப் பாரேன்" என்று மனைவியைக் கூப்பிடுவார். கடைக் கண்ணாடிக்கு அந்தப்புறம் ஒரு பஸ் ஸ்டாப்பே நின்று வேடிக்கை பார்க்க, அந்த அம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்வதோடு சரி.

மெமரி ஃபோம் என்றதும் நம்மவர் குரல் தணியும். "இது நாசாக்காரன் சரக்கு. நிலாவுக்குப் போனவங்க இதுலதான் படுத்துக்கிட்டுப் போனாங்க." 1966இல் நாசாவுக்காக உருவானது என்பது வாஸ்தவம். ஆனால் விமான இருக்கைக்காக. நிலா நம்மவர் சொந்தச் செலவில் சேர்த்தது. உடம்புச் சூட்டில் இளகி, அமுங்கி, ஆளை அணைத்துக்கொள்வது அதன் குணம். மார்கழிக் கொடைக்கானலுக்கு அது சரி. கத்திரி வெயிலில், மொட்டைமாடிக்குக் கீழ் அறையில், அந்த அணைப்பு யாருக்கு வேண்டும்? பையன் லேட்டக்ஸைக் காட்டுவான். ரப்பர் பாலில் செய்தது, உள்ளே துளைகள் உண்டு, காற்று புகும். கனமும் அதிகம், விலையும் அதிகம். "குலசேகரம் பக்கம் போனா மரத்துக்கு மரம் வடியுது, அதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டுவிட்டு, நிலாவையே வாங்கிக்கொண்டு வருவார்.

வீட்டுக் கட்டில் மாமனார் சீராகக் கொடுத்த தேக்கு, ஆறேகாலுக்கு ஐந்து. அதன்மேல் தேங்காய் நார் மெத்தை. அது பள்ளமானதும் மேலே போடியிலிருந்து வரவழைத்த இலவம்பஞ்சு மெத்தை. பஞ்சு கட்டிதட்டிப்போய், அடித்துத் தைக்க ஆள் தேடி, ஆள் கிடைக்காமல், அதற்கும் மேலே ஐந்து அங்குல ஃபோம். இப்போது டாப்பர். ஆறரையடி நீளத்தில் வந்ததால் கால்மாட்டில் மூன்று அங்குலம் வெளியே தொங்குகிறது. தரையிலிருந்து மொத்தம் முப்பது அங்குலம், சாப்பாட்டு மேசை உயரம்.

இலவம்பஞ்சு காலத்துப் பழக்கத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமையே டாப்பரை மாடி வெயிலில் காயப்போட்டார். ஃபோமுக்கு வெயில் ஆகாது. இப்படியே வாராவாரம் காய்ந்ததில் மஞ்சளடித்தது. "அதனாலென்ன, மேல ஒரு கவர் போட்டா போச்சு."

குழி மட்டும் போகவில்லை. அத்தனை அடுக்கையும் தாண்டி மேலே வந்துவிட்டது. கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு ஓரமாய்ப் படுத்தாலும், விடியும்போது இருவரும் நடுக்குழியில்தான் இருக்கிறார்கள். அந்த மட்டுக்கும் குழியால் குடும்பத்துக்கு நன்மையே.

ஊரிலிருந்து வந்த அம்மாவால்தான் கட்டிலில் ஏற முடியவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டார்கள். அவர் சுற்றிவந்து பார்த்தார்.

"காலை அஞ்சங்குலம் அறுத்துரலாங்க."

"தேக்குய்யா! மாமனார் கொடுத்தது!"

"அப்ப அடியில இருக்கற ரெண்டு மெத்தையைத் தூக்கிப் போடுங்க."

"ஏன், அதுக்கென்ன? நல்லாத்தானே இருக்கு!"

கடைசியில் கட்டிலோரம் வைக்க மரப்படி ஒன்று செய்வதாக முடிவாயிற்று. ஆசாரி அளவெடுத்து, முன்பணம் வாங்கிக்கொண்டு வாசல் தாண்டியபோது நம்மவர் பின்னாலேயே ஓடினார்.

"ஆசாரி, அந்தப் படிக்கு மேல ஒரு அங்குலம் ஃபோம் ஒட்டிரலாமா?"