தெருவுக்கே கேட்கும்படி சைலன்சர் மாட்டுவது எப்படி?

புல்லட் 1955 முதல் சென்னையில் உருவாகிற வண்டி. அது எவ்வளவு சத்தம் போடலாம் என்று இன்ஜினியர்கள் கணக்குப் பார்த்து, அதற்கேற்ற சைலன்சரை மாட்டித்தான் கம்பெனியிலிருந்து அனுப்புகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு என்பது டெலிவரி எடுத்த மறுநாளே நமக்குத் தெரிந்துவிடுகிறது. மெக்கானிக்கிடம் போனால் கூலியும் கொடுக்க வேண்டும், புத்திமதியும் கேட்க வேண்டும். வீட்டு வாசலிலேயே வேலையை முடித்துக்கொள்ள நினைக்கும் தம்பிகளுக்காக இந்த வழிகாட்டி.

தேவையானவை

ரிங் ஸ்பானர் செட், டி ஸ்பானர், துரு இளக்கும் ஸ்பிரே, புது பேக்கிங், தரையில் விரிக்க ஒரு கோணிச் சாக்கு, எதற்கும் தலையாட்டும் நண்பன் ஒருவன், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. அரை மணி நேர வேலை என்று யூடியூபில் சொல்வார்கள். அந்த வீடியோவில் வரும் வண்டி மழையில் நனைந்ததே இல்லை.

படி 1: சைலன்சரைத் தேர்ந்தெடுத்தல்

ஜி.பி. ரோட்டுக்கோ புதுப்பேட்டைக்கோ போங்கள். ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், கோல்ட் ஸ்டார், டால்ஃபின், மெகாஃபோன், இந்தூரி, பஞ்சாப் என்று வரிசையாகத் தொங்கும். ஒன்றை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பாருங்கள். மறுமுனையில் எதிர்க்கடை போர்டு தெளிவாகத் தெரிந்தால் நீங்கள் தேடி வந்தது அதுதான்.

கம்பெனி சைலன்சரில் இப்படித் தெரியாது. உள்ளே தடுப்புகள், அறைகள், துளையிட்ட குழாய்கள் என்று ஒரு குடித்தனமே இருக்கும். புகையோடு வரும் ஒலி அலைகள் அங்கே முட்டி மோதித் திரும்பி, ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு ஓய்ந்துவிடும். அதனால்தான் அந்தக் கனம். புதியதில் துளை போட்ட ஒற்றைக் குழாயும் அதைச் சுற்றிக் கொஞ்சம் கிளாஸ் வுல்லும் இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது. கூடவே 'டிபி கில்லர்' என்று ஒரு குட்டிக் குழாய் கொடுப்பார்கள். சத்தத்தைக் குறைக்க வைத்த சாதனம் அது. அந்தக் காரணத்துக்காகவே முதல் வாரத்தில் அது கழற்றி எறியப்படும்.

பெட்டியின் மூலையில், பொதுச் சாலையில் பயன்படுத்துவதற்கல்ல என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கலாம். கவலை வேண்டாம். நம் தெரு இருக்கிற நிலையில் அதைச் சாலை என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

படி 2: வீட்டில் சொல்லக் காரணம் தயாரித்தல்

வழக்கமான காரணம், பிக்கப் கூடும் என்பது. 349 சிசி இன்ஜின் 20 குதிரைத்திறன் தருகிறது. வாட் கணக்கில் ஏறக்குறைய 15,000. சைலன்சரை மட்டும் மாற்றுவதால் இதில் கூடுகிற சொச்சம், புறப்படும் முன் நீங்கள் சாப்பிட்ட பொங்கலுக்கே சரியாகப் போய்விடும்.

ஆனால் சத்தம் கூடும், அதில் சந்தேகமே இல்லை. ஒரு மீட்டர் தள்ளி 110 டெசிபல் காட்டுகிற சத்தத்தில் உள்ள மொத்த ஒலி ஆற்றல் ஏறக்குறைய ஒரே ஒரு வாட். பூஜை அறையில் எரிந்த பழைய ஜீரோ வாட் குண்டு பல்பு இதைப் போலப் பல மடங்கு கரன்ட் சாப்பிட்டது. ஆக, 15,000 வாட்டில் வண்டி உங்களைச் சுமக்கிறது. மிச்சமுள்ள ஒரு வாட்டுக்காகத்தான் நீங்கள் காசு சேர்த்தீர்கள். வீட்டில் இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டாம்.

'பாதுகாப்புக்காக' என்பது அடுத்த காரணம். சத்தம் கேட்டு லாரிக்காரர் வழிவிடுவாராம். சைலன்சரின் வாய் பின்பக்கம் பார்ப்பதால், முன்னால் போகும் லாரிக்காரருக்கு முன்பே, பின்னால் டிவிஎஸ் 50-இல் வரும் பெரியவர் வழிவிட்டுவிடுவார்.

படி 3: பழையதைக் கழற்றுதல்

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளக் கெண்டைக்காலைப் பயன்படுத்தாதீர்கள்.

பெண்ட் பைப் சிலிண்டர் ஹெட்டைத் தொடும் இடத்தில் நட்டுகள் இருக்கும். மழையும் சூடும் மாறி மாறிப் பட்டு, நட்டும் ஸ்டட்டும் ஒரே இரும்பாகியிருக்கும். ஸ்பிரே அடித்து, ராத்திரி முழுக்க ஊற விட்டு, மெதுவாக இளக்குவதே முறை. இங்கேதான் நண்பன் வாயைத் திறப்பான்: "இன்னும் கொஞ்சம் அழுத்துடா, வந்துரும்." அழுத்துவீர்கள். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். வந்துவிட்டது. நட்டு மட்டுமல்ல, பாதி ஸ்டட்டும் சேர்ந்து. மீதிப் பாதி ஹெட்டுக்குள் இருக்கிறது.

இனி மெக்கானிக்தான். அவர் குனிந்து பார்த்துவிட்டு, கையைத் துணியில் துடைத்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "நீங்களே கழட்டினீங்களா தம்பி?" இதற்கான கூலி பில்லில் தனியாக வராது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனைக்கு வந்த பிஎஸ் 6 வண்டியாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ஆக்சிஜன் சென்சாரின் ஒயரை இழுத்துவிடாதீர்கள். புகை போகும் வழியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேறு இருக்கும். அதில் பூசியிருப்பது பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இனத்து உலோகங்கள். 'பழைய குழாய்தானே' என்று அதைக் காயலான் கடையில் போட்டால், கடைக்காரர் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்வார். அவர் பேரம் பேசாத முதல் நாள் அதுவாக இருக்கும்.

படி 4: புதியதை மாட்டுதல்

எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்ற சைலன்சர், உங்கள் வண்டிக்கு மட்டும் அரை இன்ச் தள்ளி நிற்கும். வளைத்து இழுத்துப் போல்ட் போடாதீர்கள். அதிர்வில் பிராக்கெட் விரிசல் விடும். எல்லா நட்டையும் முதலில் கையால் போட்டு, பிறகு மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பழைய பேக்கிங்கையே திரும்பப் போட்டால் ஜாயின்ட்டில் காற்று புகும். ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம், எரியாமல் வந்த பெட்ரோல் அந்தக் காற்றோடு சேர்ந்து குழாய்க்குள் 'படார்' என்று வெடிக்கும். இதைக் கோளாறு என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். ரீல்ஸ் எடுப்பவர்கள் இதற்காகவே லைக் வாங்குகிறார்கள்.

படி 5: ஸ்டார்ட் செய்தல்

ஐடிலிங்கில் இன்ஜின் நிமிஷத்துக்கு 1,000 சுற்று சுற்றினால், ஒற்றை சிலிண்டர் 500 தடவை வெடிக்கும். நொடிக்கு எட்டு. இப்போது எல்லா எட்டும் கேட்கும். எதிர்வீட்டு கார் அலாரம் பதில் சொல்லும். நாய்கள் ஆதரவு தெரிவிக்கும். மாடியிலிருந்து மாமி எட்டிப் பார்ப்பார்: "ஏம்ப்பா, சைலன்சர் ஓட்டையாயிடுத்து போலிருக்கே, கடையில காட்டப்படாதா?" விளக்கம் சொல்ல முயலாதீர்கள். அப்பா சொல்லிவிடுவார்: "நல்லா இருந்ததைக் கழட்டிட்டு, ஓட்டையானதைக் காசு குடுத்து வாங்கியிருக்கான் மாமி."

படி 6: சட்டத்தோடு பழகுதல்

175 சிசிக்கு மேற்பட்ட இரு சக்கர வண்டிக்கு, கம்பெனியில் ஓட்டிப் பார்க்கும் சோதனையில் 80 டெசிபல்தான் உச்சவரம்பு. குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து மணிக்கு மேல் 45. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, சத்தத்துக்காக முதல் தடவை பிடிபட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. லைசென்ஸும் மூன்று மாதம் செல்லாது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியதற்கு 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. பறிமுதல் செய்த சைலன்சர்களை ரோட்டில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்குவது பல ஊர்ப் போலீஸாரின் வழக்கம். பத்திரிகையில் படம் வரும். உங்களுடையது எது என்று மட்டும் அதில் கண்டுபிடிக்க முடியாது.

படி 7: இரவில் வீடு திரும்புதல்

பத்து மணிக்கு மேல் வந்தால் தெருமுனையிலேயே இன்ஜினை நிறுத்திவிடவும். பிறகு 195 கிலோ வண்டியை வாசல் வரை தள்ளவும். சைலன்சர் மாற்றியவர்கள் எல்லோரும் இதைச் செய்கிறார்கள், யாரும் வெளியே சொல்வதில்லை. பின்னால் உட்கார்ந்து வந்த நண்பன் தெருமுனையிலேயே விடைபெற்றுவிடுவான்.

படி 8: பழைய சைலன்சரைப் பாதுகாத்தல்

துடைத்து, சாக்கில் சுற்றி, பரணில் வையுங்கள். வாரன்டி சர்வீஸ், புகைச் சான்று, வண்டியை விற்பது என்று அது மறுபடி மறுபடி இறங்கி வரும். வாங்க வருபவரிடம் "ஒரே ஓனர், கம்பெனி கண்டிஷன், கை வைக்கவே இல்லை" என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்குள் கழற்றி மாட்டுவதில் உங்களுக்குக் கை தேறியிருக்கும். பழையதைத் திரும்ப மாட்டுவது உண்மையிலேயே அரை மணி நேர வேலைதான். அப்போதும் புது பேக்கிங் போட மறக்காதீர்கள்.