ராகு காலத்தில் ஒரு செமினார்

மால்மோ, சுவீடன்
ஐப்பசி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மா கட்டிக் கொடுத்த சாத்தூர் சேவு மூணாம் நாளே தீர்ந்துபோச்சு.

"அப்படி என்னதான்டா படிக்கிறே?"ன்னு போன்ல கேட்டீங்க. நான் சொன்னது பிரஸ் சத்தத்துல காதுல விழுந்திருக்காது. இன்டராக்‌ஷன் டிசைன். ஏடிஎம்மோ செல்போனோ, பக்கத்து ஆளைக் கேக்காம தானே புரிஞ்சு பயன்படுத்துற மாதிரி வடிவமைக்கணும். அதுக்கு ரெண்டு வருசம். சிரிக்காதீங்க.

முதல் வாரம் ஃபிட்ஸ் விதி நடத்தினாங்க. 1954-ல் பால் ஃபிட்ஸ்னு ஒரு அமெரிக்கர் சொன்னது: தொட வேண்டியது பெருசாவும் பக்கத்துலயும் இருந்தா கை சீக்கிரம் போய்ச் சேரும். நம்ம ஊர்ல பட்டாசுத் திரி விஷயத்துல இது எடுபடாது. அங்க கை போறதைவிட, ஆள் திரும்பி ஓடி வர்றதுதானே முக்கியம்!

ஹாஸ்டல்ல தீப் பாதுகாப்பு வகுப்புல ஊர் பேரு கேட்டாங்க. வெள்ளந்தியா "சிவகாசி, பட்டாசு ஊர்"னு சொல்லிட்டேன். இப்ப எவனாவது ரொட்டியைக் கருக்கி அலாரம் அடிச்சாலும் முதல்ல என் கதவைத்தான் தட்டுறாங்க.

இவங்களுக்கும் நமக்கும் பழைய கணக்கு ஒண்ணு உண்டு. பாதுகாப்புத் தீக்குச்சிக்கு 1844-ல் காப்புரிமை வாங்கின பாஷ் சுவீடன்காரர். 1923-ல் நம்ம நாட்டுல ஆரம்பிச்ச விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி அப்ப இவங்களோடது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுல தொழில் கத்துக்கிட்டு வந்து நம்ம ஊர்ல தீப்பெட்டி போட்டதும் அந்தச் சமயத்துலதான். "உங்க விம்கோவுக்குப் போட்டி எங்க ஊரு"ன்னேன். ஒருத்தன் மன்னிப்பு கேட்டான். இவங்க எதுக்கும் கேப்பாங்க.

போன வாரம் செமினார். விளக்கமில்லாமப் புரியுற பொருள் கொண்டுவரச் சொன்னாங்க. உங்க பிரஸ் தினசரி காலண்டரைத் தூக்கிட்டுப் போனேன். சோதிச்சுப் பாக்க அஞ்சு பேர் போதும்னு எங்க துறை நிபுணர் யாகோப் நீல்சன் சொல்லியிருக்கார். அஞ்சு பேருக்கும் பெரிய தேதி, சிவப்பு ஞாயிறு எல்லாம் சட்டுனு புரிஞ்சிடுச்சு. ஒரு பொண்ணு தாள் கிழிக்கிற ருசியில, ஐப்பசியில இருந்த என்னை மார்கழிக்குக் கொண்டுபோய் விட்டுட்டா. செஞ்சதை மாத்திக்க வழி இருக்கணும்கிறது எங்க படிப்புல பால பாடம். காலண்டர்ல அதுக்கு செல்லோடேப்தான்.

"இந்தப் பொடி எழுத்து எதுக்கு?"ன்னார் வாத்தியார். "ராகு காலம் சார். இன்னைக்கு செவ்வாய், 3 முதல் 4.30. எங்க வீட்டுல புதுசா எதையும் ஆரம்பிக்க மாட்டாங்க." சிரிச்சுக்கிட்டே 3.10-க்கு புரொஜெக்டரைப் போட்டார். பல்பு போச்சு. காலண்டர் கிழிச்ச பொண்ணு இப்ப நேரம் கேக்காம எந்த ஃபைலையும் அனுப்புறதில்லை.

ஒரு சந்தேகம்: டிசம்பர்ல இங்க மூணரை மணிக்கே பொழுது சாஞ்சிடுமாம். அப்ப செவ்வாய்க்கிழமை ராகு காலம் ராத்திரியிலயா வரும்? ஜோசியரைக் கேட்டுச் சொல்லுங்க.

வாத்தியாருக்கும் சேர்த்து அடுத்த வருச காலண்டர் 6 அனுப்புங்க. ரிஜிஸ்டர் விலகின வேஸ்ட்டை என் தலையில கட்டிடாதீங்க. இந்த வருச முருகனுக்கு உதட்டுச் சிவப்பு கன்னத்துல இருக்கு.

இப்படிக்கு,
உங்கள் மகன்